எடையை மறைக்கும் கதவு

இரண்டு கார்கள் அருகருகே நுழையும் கராஜ் கதவை ஒரு பெரியவர் ஒற்றைக் கையால் தூக்கிவிட முடியும். அமெரிக்கப் புறநகர் வீடுகளில் இந்தக் கதவு வழக்கமாக 16 அடி அகலமும் 7 அடி உயரமும் இருக்கும். எஃகுத் தகடும் அதற்குள் அடைத்த நுரையும் சேர்ந்து எடை 100 கிலோவை ஒட்டி வரும். மரக்கதவு என்றால் இன்னும் கூடும். வீட்டிலேயே மிகப் பெரிய, மிக எடைகூடிய அசையும் பொருள் இதுதான். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் கதவைத் தூக்க நாலைந்து கிலோவுக்கான விசை போதும். மீதி எடை எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால், இந்தக் கதவால் நேரும் விபத்துகளில் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

கதவு மூடியிருக்கும்போது கராஜுக்குள் நின்று நிலைக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். சுவரை ஒட்டிக் கிடையாக ஓர் இரும்புத் தண்டு. அதைச் சுற்றி நெருக்கமான சுருள்களோடு ஒரு ஸ்பிரிங். பெரிய கதவுகளில் பெரும்பாலும் இரண்டு. தண்டின் இரு முனைகளிலும் உருளைகள். உருளையில் சுற்றிய எஃகுக் கேபிள்கள் கீழே இறங்கி, கதவின் அடி மூலைகளைப் பற்றியிருக்கும். உருளையின் சுற்றளவு ஏறக்குறைய ஓர் அடி. ஆகவே 7 அடிக் கதவு முழுதாக இறங்கும்போது தண்டு ஏழு முறை சுழல்கிறது. ஸ்பிரிங்கும் அவ்வளவு முறுக்கேறுகிறது. கதவைப் பொருத்துபவர் தொடக்கத்திலேயே அரைச் சுற்று கூடுதலாக முறுக்கி வைப்பார், கதவு முழுதாகத் திறந்திருக்கும்போதும் கேபிள் தொய்யாமல் இருப்பதற்காக.

இதில் அழகான ஒரு பொருத்தம் இருக்கிறது. முறுக்கிய ஸ்பிரிங் அவிழ அவிழ, அது இழுக்கும் விசை சீராகக் குறைந்துகொண்டே வரும். கதவின் எடையோ மாறாதது. அப்படியானால் பாதி உயரத்தில் ஸ்பிரிங் தோற்றுக் கதவு கீழே வந்துவிட வேண்டுமே? வருவதில்லை. காரணம், இந்தக் கதவு ஒரே பலகையால் ஆனதல்ல. நாலைந்து பலகைகளைக் கீல்களால் கோத்துச் செய்தது. மேலேற மேலேற ஒவ்வொரு பலகையும் வளைவில் திரும்பி, கூரையை ஒட்டிய தண்டவாளத்தில் படுத்துவிடுகிறது. படுத்த பலகையின் எடையைத் தண்டவாளம் சுமக்கிறது. கேபிளில் தொங்குவது மிச்சம் மட்டுமே. கதவு பாதி ஏறினால் தொங்கும் எடையும் பாதி, ஸ்பிரிங்கின் முறுக்கும் பாதி. இரண்டும் ஒரே வீதத்தில் குறைவதால் எந்த உயரத்தில் விட்டாலும் கதவு அங்கேயே நிற்கிறது. கூரையில் தொங்கும் அரைக் குதிரைத்திறன் மோட்டார் இவ்வளவு பெரிய கதவை ஆள முடிவதும் இதனால்தான். தூக்குவது ஸ்பிரிங்; மோட்டார் வெறுமனே தள்ளிவிடுகிறது.

மூடிய கதவின் ஸ்பிரிங்கில் சேமித்திருக்கும் ஆற்றலைக் கணக்கிடலாம். 100 கிலோ கதவின் நடுப்புள்ளி, மூடிய நிலையிலிருந்து திறந்த நிலைக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்கிறது. அதற்கான ஆற்றல் சுமார் 1,000 ஜூல். 25 கிலோ அரிசி மூட்டை 4 மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுந்தால் என்ன ஆகுமோ, அவ்வளவு ஆற்றல் அந்தச் சுருளுக்குள் ஒவ்வோர் இரவும் அடைந்து கிடக்கிறது. ஸ்பிரிங்கைத் தண்டோடு இறுக்கும் திருகையோ, கேபிள் முடியும் அடி மூலைத் தகட்டின் போல்ட்டையோ ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்த் தளர்த்திப் பார்ப்பவர்கள் கையை உடைத்துக்கொள்வது இதனால்தான். வீட்டில் நாமே செய்துகொள்ளக்கூடிய பழுதுவேலைகள் எத்தனையோ உண்டு. இது அவற்றில் சேராது. பயிற்சி பெற்ற ஆளிடம் விட்டுவிட வேண்டும்.

ஸ்பிரிங்குக்கு ஆயுள் உண்டு. சாதாரணமாகப் பொருத்துவது 10,000 முறை திறந்து மூடத் தாங்கும் என்று வடிவமைத்தது. ஒரு நாளைக்கு நாலு முறை என்று வைத்தாலும் ஏழு ஆண்டுக்குள் முடிந்துவிடும். பள்ளி, அலுவலகம், நடைப்பயிற்சி, குப்பைத்தொட்டி என்று முன்வாசலுக்குப் பதிலாகக் கராஜ் வழியாகவே புழங்கும் குடும்பத்தில் இன்னும் சீக்கிரம். ஒடியும்போது வீடு முழுக்க அதிரும்படி வெடிச்சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் நெருங்கிய சுருள்களுக்கு நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி விழுந்திருக்கும். அந்த இடைவெளியைக் கண்டால் பொத்தானைத் தொடக் கூடாது. கதவு மேலே திறந்த நிலையில் ஒடிந்திருந்தால் அதன் கீழே எவரும் போகக் கூடாது. மோட்டாரிலிருந்து கதவை விடுவிக்கும் சிவப்புக் கயிற்றையும் இழுக்கக் கூடாது. இழுத்தால், அதுவரை மறைந்திருந்த 100 கிலோவும் அந்தக் கணத்தில் கீழே வரும். இரண்டு ஸ்பிரிங் உள்ள கதவில் ஒன்று ஒடிந்தால் மற்றதையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. இரண்டும் ஒரே நாளில் வேலைக்கு வந்தவை. பழைய வீடுகளில் தண்டவாளத்தை ஒட்டி நீளவாக்கில் இழுபடும் ஸ்பிரிங் இருக்கும். அதன் நடுவே ஒரு பாதுகாப்புக் கேபிள் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேபிள் இல்லாவிட்டால், ஒடிந்த துண்டு கராஜின் மறுமூலை வரை பறக்கும்.

மோட்டார் வந்தபிறகு ஆபத்தின் முகம் மாறியது. மேலே மடங்கி ஏறும் கதவை சி.ஜி. ஜான்சன் 1921-ல் உருவாக்கினார். 1926-ல் மின்சாரத்தால் திறக்கும் கருவியும் வந்துவிட்டது. ரிமோட் பரவி, வீட்டுக்கு வீடு மோட்டார் வந்த காலத்தில், இறங்கும் கதவுக்கும் தரைக்கும் நடுவே குழந்தைகள் அகப்பட்டார்கள். 1982 மார்ச்சுக்குப் பிறகு 2 முதல் 14 வயது வரையுள்ள ஏறத்தாழ 60 குழந்தைகள் தானியங்கிக் கதவுகளுக்கு அடியில் சிக்கி இறந்ததாகவும், இது ஆண்டுக்குச் சுமார் நான்கு என்றும் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தன் எச்சரிக்கையில் பதிவு செய்திருக்கிறது. உயிர் பிழைத்தவர்களில் மூளை பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

அந்தக் காலத்துக் கருவிகளில் பாதுகாப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எதிலாவது முட்டினால் திரும்பி மேலே போகும் ஏற்பாடு பலவற்றில் இருந்தது. மோட்டாரின் வேகம் குறைகிறதா, அது இழுக்கும் மின்சாரம் கூடுகிறதா என்று கவனித்துத் தடையை அறியும் முறை அது. முட்டியபிறகுதான் அதற்குத் தெரியும் என்பது முதல் குறை. இரண்டாவது குறை இன்னும் மோசமானது: எவ்வளவு தடை வந்தால் திரும்புவது என்பதைக் கருவியில் உள்ள ஒரு திருகு தீர்மானித்தது. ஸ்பிரிங் வயதாகித் தளரும்போது கதவின் எடை மோட்டார் மேல் ஏறுகிறது. மோட்டார் அதையே தடை என்று எண்ணி நடுவழியில் கதவைத் திருப்புகிறது. வீட்டுக்காரருக்கு எரிச்சல், திருகைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறார். கதவு ஒழுங்காக ஓடுகிறது. ஸ்பிரிங் இன்னும் தளர்கிறது, திருகு இன்னும் கூடுகிறது. கடைசியில் ஒரு குழந்தையின் நெஞ்சு தடுத்தாலும் நிற்காத அளவுக்கு அது போய்விடுகிறது. பழுதான ஸ்பிரிங்குக்கான மருந்தைப் பாதுகாப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த கதை இது. இன்றும் நடக்கிறது. கதவு காரணமில்லாமல் திரும்பிப் போனால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கை.

அமெரிக்க நாடாளுமன்றம் 1990-ல் இயற்றிய நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம், வீட்டுக் கராஜ் திறப்பான்களுக்கு அதுவரை தொழில்துறை தானாகக் கடைப்பிடித்துவந்த யு.எல். 325 என்ற தரவரையறையைக் கட்டாயமாக்கியது. தரையிலிருந்து ஓர் அங்குல உயரமுள்ள பொருளில் முட்டினாலும் இரண்டு நொடிக்குள் கதவு திரும்பியாக வேண்டும். இறங்கத் தொடங்கி 30 நொடிக்குள் முழுதாக மூடாவிட்டாலும் திரும்ப வேண்டும். 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் ஒவ்வொரு கருவிக்கும் மோட்டாரின் உணர்வை நம்பாத இன்னொரு தனிப் பாதுகாப்பும் தேவை என்றாயிற்று. அப்படி வந்ததுதான் இன்று கதவின் இருபுறமும் கணுக்கால் உயரத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கண்கள்.

அந்தக் கண்களைக் குனிந்து பார்ப்பது நல்லது. ஒருபக்கம் அகச்சிவப்புக் கதிரை அனுப்பும் சிறு விளக்கு. எதிர்ப்பக்கம் அதை வாங்கும் உணரி. கதிர் தொடர்ச்சியாக வருவதில்லை. நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுத் துடிக்கிறது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு என்பதால், இந்தத் துடிப்பை வைத்துத்தான் உணரி தன் கதிரைப் பிரித்தறிகிறது. துடிப்பு வந்துகொண்டிருந்தால் பாதை காலி, கதவு இறங்கலாம். வராவிட்டால் காரணம் எதுவானாலும் இறங்கக் கூடாது. குறுக்கே குழந்தை நின்றாலும், ஒட்டடை படிந்தாலும், எலி ஒயரைக் கடித்தாலும், சைக்கிள் இடித்துக் கண் கோணிப்போனாலும் விளைவு ஒன்றே. தான் பழுதானால் கதவைத் திறந்த நிலையிலேயே விடும்படி இதைச் செய்திருக்கிறார்கள். ஆபத்து வரும்போது சைகை கொடுக்கும்படி அமைத்திருந்தால், ஒயர் அறுந்த அன்று சைகையும் வந்திருக்காது. இந்த ஒரு யோசனைக்காகவே அதை வடிவமைத்தவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

அதனால்தான் சில வீடுகளில் பார்க்கும் ஒரு காரியம் பொறுக்க முடியாததாக இருக்கிறது. கதவு அடிக்கடி மூட மறுக்கிறது என்று, இரண்டு கண்களையும் கழற்றி மேலே கூரையருகே கொண்டுபோய் ஒன்றையொன்று பார்க்கும்படி டேப் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். கதிர் ஒருநாளும் அறுபடாது; கதவு ஒருநாளும் நிற்காது. கீழே தவழும் குழந்தையைப் பார்க்க எதுவும் இல்லை. மூட மறுப்பதற்கான காரணமோ பெரும்பாலும் சின்னது. துணியால் கண்ணாடியைத் துடைத்து, இரண்டும் நேருக்கு நேர் பார்க்கிறதா என்று சரிசெய்தால் போதும். நன்றாகச் சந்தித்துக்கொண்டால் பல கருவிகளில் சிறு விளக்கு அசையாமல் எரியும். விலகினால் அணையும் அல்லது சிமிட்டும். மேற்கு பார்த்த கராஜில் சாயங்கால வெயில் நேராக உணரிக்குள் விழுந்து அதைத் திணறடிக்கும். அங்கே அனுப்பும் கண்ணையும் வாங்கும் கண்ணையும் இடம் மாற்றி, வாங்குவது நிழலில் இருக்கும்படி செய்தால் தீர்ந்தது. கண்கள் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு, அதாவது 15 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கீழே விழுந்து கிடக்கும் குழந்தைக்கும் அது பொருந்த வேண்டுமே.

கண்களுக்குத் தெரியாதவையும் இருக்கின்றன. கார் பாதி உள்ளே நிற்கும்போது கதிர் சக்கரங்களுக்கு நடுவே தடையின்றிப் போய்விடலாம். கதவு காரின் பின்பக்கத்தில் இறங்கும். கதிரின் கோட்டுக்கு அப்பால் நின்றபடி கையை மட்டும் நீட்டும் குழந்தையும் அப்படியே. அங்கேதான் முட்டினால் திரும்பும் பழைய பாதுகாப்பு வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கின்றன. மேலே ஏறும் கதவைக் கண்கள் கவனிப்பதே இல்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கதவோடு மேலே போவது குழந்தைகளுக்கு விளையாட்டு. வளைவில் கை நசுங்கும், அல்லது 7 அடியிலிருந்து விழுவார்கள். பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு, கதவு வளைவில் திரும்பும்போது விரிந்து பிறகு இறுகும். விரல் போய்விடக்கூடிய இடம் அது. விரல் நுழையாதபடி விளிம்பை வளைத்துச் செய்த கதவுகள் இப்போது கிடைக்கின்றன. கதவை மாற்றும் வாய்ப்பு வந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். பழைய கதவானால் உள்ளும் புறமும் கைப்பிடி போட்டுவிட வேண்டும், எவரும் இடுக்கில் விரலைக் கொடுத்து இழுக்காதபடி.

இவ்வளவும் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொள்ள மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். வீட்டுக்கடன் தவணை போகும் நாள் எல்லார் நினைவிலும் இருக்கும். அந்த நாளையே வைத்துக்கொள்ளலாம். முதலில், மூடிய கதவின் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து விடுவித்து, கதவைக் கையால் இடுப்பு உயரம் வரை தூக்கி மெல்லக் கையை எடுங்கள். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. சரிந்தாலோ தானாக ஏறினாலோ ஆளைக் கூப்பிட வேண்டும். அடுத்து மோட்டாரோடு இணைத்து, கதவைத் திறந்து, வாசலின் நடுவே ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள மரச்சட்டத்தைப் படுக்கையாக வைத்து மூடுங்கள். சட்டத்தைத் தொட்டதும் கதவு திரும்ப வேண்டும். பிறகு சட்டத்தை எடுத்துவிட்டு, கதவு இறங்கும்போது விளக்குமாற்றுக் குச்சியைக் கண்களுக்குக் குறுக்கே நீட்டுங்கள். உடனே திரும்ப வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும், சரிசெய்யும் வரை மோட்டாரை இணைக்காமல் கையால் திறந்து மூடுவதுதான் முறை. 1993-க்கு முந்தைய, கண்களே இல்லாத கருவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் சோதனை வேண்டியதில்லை, மாற்றிவிடலாம்.

கதவு நொடிக்கு ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. முழுதாக மூட 12 நொடி ஆகும். இந்த 12 நொடிதான் குழந்தைகளை இழுக்கிறது. பொத்தானைத் தட்டிவிட்டு, கதவு மூடுவதற்குள் குனிந்து ஓடிவிடலாம் என்று தோன்றும். பெரியவர்கள் அப்படி ஓடுவதைப் பார்த்துத்தான் அவர்கள் கற்கிறார்கள். சுவர்ப் பொத்தான் தரையிலிருந்து 5 அடிக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும். அதை அழுத்தியவர் கதவு தரையைத் தொடும்வரை அங்கேயே நின்று பார்க்க வேண்டும். ரிமோட்டைக் குழந்தையிடம் விளையாடக் கொடுக்கக் கூடாது.

பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து போகும் தாத்தா பாட்டிகளை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. டெக்சஸுக்கோ நியூ ஜெர்சிக்கோ போய் இறங்கிய மறுநாள் அடுப்பைப் பற்ற வைப்பதும், குளியலறையில் வெந்நீர் திருப்புவதும், ஸ்மோக் அலாரம் அலறினால் நிறுத்துவதும் சொல்லித் தருகிறார்கள். கராஜ் கதவைச் சொல்லித் தருவது குறைவு. பகல் முழுக்க அந்த வீட்டில் குழந்தையோடு இருப்பவர்கள் அவர்கள்தான். சிவப்புக் கயிறு எங்கே, எப்போது இழுக்கலாம், எப்போது கூடாது, குறுக்கே ஏதாவது இருந்து கதவு திரும்பிப் போனால் அது பழுதல்ல என்பதை அவர்கள் கையாலேயே ஒருமுறை செய்து பார்க்க வைக்க வேண்டும்.

அந்தக் கயிறு உயிர்காக்கும் என்பது கலிஃபோர்னியாவில் தெரிந்தது. 2017 அக்டோபரில் மாநிலத்தின் வடபகுதியில் காட்டுத்தீ ஊர்களுக்குள் புகுந்தபோது மின்சாரம் போனது. கராஜ் கதவைத் திறக்க முடியாமல் காரோடு உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் முதியவர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது: 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலத்தில் விற்கும், பொருத்தும் திறப்பான்களுக்கு மாற்று பேட்டரி கட்டாயம். பேட்டரி இல்லாத வீடுகளுக்குக் கயிறுதான் வழி. ஆனால் கயிற்றை இழுத்தபிறகு கதவைக் கையால் தூக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்த கதவை எழுபது வயதுக்காரரால் தூக்க முடியாது. மாதச் சோதனையில் முதலில் பார்க்கும் அந்தச் சமநிலை இங்கேயும் வந்து நிற்கிறது.

கதவைத் திறந்துவைத்தால் மட்டும் தீராத ஓர் ஆபத்தும் உண்டு. வீட்டோடு ஒட்டிய கராஜில் கார் என்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளறைக் கதவின் இடுக்கு வழியாக வீட்டுக்குள் போகும். நிறமும் மணமும் இல்லாத வாயு அது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்கிறது. குளிர்காலத்தில் வண்டியைச் சூடேற்ற வேண்டுமென்றால் வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான். சாவி போடாமல் பொத்தானால் இயங்கும் காரில் என்ஜினை நிறுத்தினோமா என்பதே மறந்துபோகும். படுக்கையறைக்கு அருகே மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும்.

திருட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015-ல் சாமி கம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், கடைகளில் விற்பனை நின்றுபோன ஒரு பொம்மைக் கருவியை மாற்றியமைத்து, நிலையான குறியீடு உள்ள கராஜ்களைப் பத்து நொடிக்குள் திறந்து காட்டினார். 12 இலக்க இருமக் குறியீட்டில் மொத்தமே 4,096 சாத்தியங்கள்தான். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் குறியீட்டை மாற்றும் கருவிகளில் இந்த வழி செல்லாது. ரிமோட்டுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள் இருந்தால், அது பழைய வகையாகத்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் தனிவீடுகளுக்கு இப்போது மோட்டார் வைத்த இழுவைக் கேட் வந்துகொண்டிருக்கிறது. அதில் ஸ்பிரிங் இல்லை. எடை முழுவதும் கீழே சக்கரத்தில் நிற்கிறது. அங்கே ஆபத்து இரண்டு: கேட்டுக்கும் தூணுக்கும் நடுவே நசுங்குவது, தண்டவாளத்தை விட்டு விலகிக் கேட்டே சாய்ந்து விழுவது. முதலாவதற்கு இதே அகச்சிவப்புக் கண்கள் இங்கேயும் கிடைக்கின்றன. விலை குறைக்க அதை விட்டுவிடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவதற்கு, மேலே பிடித்து நிறுத்தும் வழிகாட்டி உருளையும் தண்டவாளத்தின் இரு முனைகளிலும் தடுப்பும் வேண்டும். மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையால் வேகமாக இழுத்தாலும் கேட் அந்தத் தடுப்பில் முட்டி நிற்க வேண்டும். தடுப்பு காங்கிரீட்டில் புதைந்து நிற்கிறதா, இரண்டு வெல்டிங் புள்ளியில் தொங்குகிறதா என்பதை, ஆள் வேலை முடித்துப் பணம் வாங்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.